விமானப் பயணத்தில் பெட்டியும் பையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பயணத் தேதி நெருங்கினால் எல்லோருக்கும் வருகிற சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று தொகுத்தேன். கேள்விகள் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இருக்கின்றன.

படிக்கும் முன் ஒரு விஷயம். பெட்டி விஷயத்தில் விதி போடுகிறவர்கள் மூன்று பேர். எத்தனை கிலோ, எத்தனை பெட்டி என்பதை விமான நிறுவனம் சொல்கிறது. எந்தப் பொருள் விமானத்தில் ஏறலாம் என்பதைப் பாதுகாப்புத் துறை சொல்கிறது. எந்தப் பொருள் நாட்டுக்குள் நுழையலாம் என்பதைச் சுங்கத்துறை சொல்கிறது. ஒருவர் சரி என்றதை மற்றவரிடம் காட்டித் தப்பிக்க முடியாது. கீழே உள்ள குழப்பங்களில் பெரும்பாலானவை இந்த மூவரையும் ஒருவராக நினைப்பதால் வருபவை.

ஒரு ஆளுக்கு எத்தனை கிலோ கொண்டு போகலாம்? பொதுவா ஒரு கணக்கு சொல்லுங்களேன்.

பொதுக் கணக்கு கிடையாது. ஒரே விமானத்தில் அடுத்தடுத்த இருக்கையில் இருக்கும் இரண்டு பேருக்குக்கூட அளவு வேறாக இருக்கலாம். போகும் ஊர், வகுப்பு, வாங்கிய கட்டண வகை, அந்த நிறுவனத்தின் உறுப்பினர் அட்டை ஆகியவற்றைப் பொறுத்து மாறும். மலிவான கட்டணங்கள் சிலவற்றில் செக்-இன் பெட்டியே சேராது. கையில் ஒரு பை மட்டும்தான். தெரிந்தவர் போன வருடம் 30 கிலோ கொண்டுபோனார் என்பது உங்கள் டிக்கெட்டுக்கு ஆதாரம் ஆகாது.

உங்கள் அளவு உங்கள் இ-டிக்கெட்டிலேயே இருக்கும். ஒவ்வொரு விமானத்தின் வரிக்கும் எதிரில் பேக்கேஜ் என்று தனியாகப் போட்டிருப்பார்கள். போகும்போது ஒன்று, திரும்பும்போது வேறு என்றும் இருக்கலாம். எல்லா வரிகளையும் பாருங்கள்.

ஒரு டிக்கெட்டில் 30 கே.ஜி. என்று இருக்கிறது, இன்னொன்றில் 2 பி.சி. என்று இருக்கிறது. இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. கே.ஜி. என்றால் எடைக் கணக்கு. மொத்த எடை 30 கிலோவுக்குள் இருக்க வேண்டும். அதை ஒரு பெட்டியாகவோ இரண்டாகவோ பிரிப்பது பெரும்பாலும் உங்கள் விருப்பம். சில நிறுவனங்கள் இதிலும் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கின்றன.

பி.சி. என்றால் எண்ணிக்கைக் கணக்கு. 2 பி.சி. என்றால் இரண்டு பெட்டிகள், ஒவ்வொன்றுக்கும் தனி எடை வரம்பு. எகானமி வகுப்பில் அது பெரும்பாலும் 23 கிலோ. பிசினஸ், முதல் வகுப்புகளில் பல நிறுவனங்கள் 32 கிலோ வரை விடுகின்றன. வட அமெரிக்கா போகும் பயணங்களில் எண்ணிக்கைக் கணக்குதான் வழக்கம்.

2 பி.சி. என்றால் மொத்தம் 46 கிலோ. ஒரு பெட்டியில் 30, இன்னொன்றில் 16 வைத்தால் கணக்கு சரியாத்தானே வருது?

கூட்டல் சரி, விதி தவறு. எண்ணிக்கைக் கணக்கில் ஒவ்வொரு பெட்டியையும் தனியாகத்தான் பார்ப்பார்கள். 30 கிலோ பெட்டிக்கு அதிக எடைக் கட்டணம் விழும்; 16 கிலோ பெட்டியில் மீதமிருக்கும் 7 கிலோ உங்களுக்கு உதவாது. கவுன்டருக்குப் பக்கத்தில் பெட்டிகளைத் திறந்து போட்டுத் துணிகளை மாற்றி அடுக்கிக்கொண்டிருப்பவர்களில் பலர் இந்தக் கணக்கில் மாட்டியவர்கள்தான். ஒரு சின்னத் தொங்கு தராசு வாங்கி, பெட்டியைப் பூட்டும் முன் வீட்டிலேயே தூக்கிப் பார்த்துவிடுங்கள். தராசுக்குத் தராசு கொஞ்சம் வேறுபடும் என்பதால் அரை கிலோவாவது குறைத்தே வையுங்கள்.

பணம் கட்டுகிறேன் என்றாலும் 32 கிலோவுக்கு மேல் ஒரே பெட்டியாக வாங்க மாட்டேன் என்கிறார்களே?

அது தூக்குகிற தொழிலாளியின் முதுகைக் காப்பாற்றுவதற்கான வரம்பு. பெட்டி பெல்ட்டில் தானாகப் போவது போலத் தெரிந்தாலும், விமானத்தின் வயிற்றுக்குள் அதை அடுக்குவது பல இடங்களில் இன்னும் மனிதர்கள்தான். அதனால் உலகில் பெரும்பாலான நிறுவனங்கள் ஒரு தனிப் பெட்டிக்கு 32 கிலோவை உச்சமாக வைத்திருக்கின்றன. இரண்டாகப் பிரித்தால் வாங்கிக்கொள்வார்கள். அதைவிட கனமான ஒற்றைப் பொருள் என்றால் சரக்காக அனுப்ப வேண்டியதுதான்.

158 செ.மீ. என்று ஒரு அளவு சொல்கிறார்களே, அது உயரமா?

இல்லை, செக்-இன் பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் வரக்கூடிய உச்சம். சக்கரம், கைப்பிடி எல்லாம் சேர்த்துத்தான் அளக்க வேண்டும்.

கேபின் பைக்கு 7 கிலோவா, 10 கிலோவா? லேப்டாப் பை அதில் சேருமா?

7, 8, 10 என்று நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். எடையே சொல்லாமல் அளவை மட்டும் பார்க்கும் நிறுவனங்களும் உண்டு. மேலே வைக்கும் பை ஒன்று, முன் இருக்கைக்கு அடியில் போகும் சிறு பை ஒன்று என இரண்டை அனுமதிப்பது பரவலான வழக்கம். ஆனால் சிலர் இரண்டையும் சேர்த்தே 7 கிலோ என்பார்கள். குறைந்த கட்டண நிறுவனங்கள் சிலவற்றில் இருக்கைக்கு அடியில் போகும் பை மட்டும்தான் இலவசம். மேலே வைக்கும் பைக்குத் தனிக் கட்டணம். அங்கே கேட்டில் ஒரு கம்பிச் சட்டம் வைத்திருப்பார்கள். பை அதற்குள் இறங்கவில்லை என்றால் பேச்சே கிடையாது, கட்டணம்தான்.

குடும்பமாகப் போகிறோம். எல்லோருடைய எடையையும் சேர்த்துக் கணக்குப் பார்ப்பார்களா?

எடைக் கணக்கில், ஒரே முன்பதிவு எண்ணில் ஒன்றாகச் செக்-இன் செய்தால் பல நிறுவனங்கள் சேர்த்துக்கொள்ளும். சில நிறுவனங்கள் முடியாது என்று விதிமுறையிலேயே எழுதியிருக்கும். எண்ணிக்கைக் கணக்கில் நான்கு பேருக்கு எட்டுப் பெட்டி என்று சேர்க்கலாமே தவிர, ஒவ்வொரு பெட்டியின் 23 கிலோ வரம்பு மாறாது. அதற்கான காரணம் மேலே சொன்ன 30, 16 கேள்வியில் இருக்கிறது.

இருக்கை வாங்கிய குழந்தைக்குப் பெரும்பாலும் பெரியவர்களின் அளவே உண்டு. மடியில் வரும் கைக்குழந்தைக்கு அளவு குறைவு, சில கட்டணங்களில் ஒன்றுமே இல்லை. மடக்கும் தள்ளுவண்டியைப் பல நிறுவனங்கள் கட்டணமில்லாமல் ஏற்றுகின்றன; விமான வாசல் வரை தள்ளிக்கொண்டு போகவும் விடுவார்கள்.

முதலில் உள்நாட்டு விமானம், அங்கிருந்து வெளிநாட்டு விமானம். உள்நாட்டில் 15 கிலோதான் என்கிறார்கள். மீதிப் பெட்டியை என்ன செய்வது?

எனக்கு வரும் கேள்விகளில் பண நஷ்டம் அதிகம் உண்டாக்குவது இதுதான். விடை, இரண்டும் ஒரே டிக்கெட்டா என்பதில் இருக்கிறது. ஒரே டிக்கெட் என்றால் அந்த உள்நாட்டு விமானம் வெளிநாட்டுப் பயணத்தின் ஒரு பகுதி. பொதுவாக வெளிநாட்டு அளவே முதல் விமானத்திலும் செல்லும். டிக்கெட்டில் இரண்டு வரிகளிலும் ஒரே அளவு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மலிவாகக் கிடைத்ததென்று இரண்டையும் தனித்தனியாக வாங்கியிருந்தால், உள்நாட்டு நிறுவனத்தைப் பொறுத்தவரை நீங்கள் சாதாரண உள்நாட்டுப் பயணி. அவர்கள் 15 கிலோ என்றால் 15 கிலோதான். மீதிக்குக் கட்ட வேண்டும். வெளிநாட்டு டிக்கெட்டைக் காட்டினால் கூடுதல் எடை தரும் நிறுவனங்களும் உண்டு, ஆனால் அது அவர்கள் தரும் சலுகை. முன்பே எழுதிக் கேட்டு உறுதி செய்துகொள்ளாமல் அதை நம்பிக் கிளம்ப வேண்டாம். டிக்கெட் வாங்கும்போதே அதிக எடைக் கட்டணத்தையும் கூட்டிப் பாருங்கள். பல நேரம் மலிவு காணாமல் போய்விடும்.

டிக்கெட் ஒரு நிறுவனத்தில் வாங்கினேன், விமானம் இன்னொருவருடையது என்கிறார்கள். யார் விதி செல்லும்?

இப்படிக் கூட்டாக ஓட்டுவதை கோட்ஷேர் என்பார்கள். ஒரே டிக்கெட்டில் பல நிறுவனங்கள் வரும்போது யாருடைய விதி என்பதைத் தீர்மானிக்க ஐயாட்டா எனும் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் நடைமுறை ஒன்று உண்டு. பயணத்தின் முக்கியமான நீண்ட தூரப் பகுதியை எந்த நிறுவனம் செய்கிறதோ, பெரும்பாலும் அதன் விதி. அமெரிக்கா போகிற, அங்கிருந்து வருகிற பயணங்களுக்கு அந்நாட்டு விதி, முதலில் தேர்ந்தெடுத்த அளவையும் கட்டணத்தையும் பயணம் முழுக்கக் கடைப்பிடிக்கச் சொல்கிறது.

இதை நீங்கள் கணக்குப் போட வேண்டியதில்லை. முடிவு டிக்கெட்டில் அச்சாகியிருக்கும். கவுன்டரில் வாக்குவாதம் வந்தால் அந்த வரியைக் காட்டுங்கள். கேபின் பை மட்டும் தனி. அதற்கு நீங்கள் ஏறும் விமானத்தை ஓட்டுகிறவர்களின் அளவையே நடைமுறையில் பார்ப்பார்கள்.

இடையில் விமானம் மாறுகிறேன். பெட்டி நேராகக் கடைசி ஊருக்குப் போய்விடுமா?

ஒரே டிக்கெட் என்றால் பெரும்பாலும் போய்விடும். பெட்டியில் ஒட்டும் டேக்கில் மூன்று எழுத்தில் ஊர்க் குறியீடு இருக்கும். அது கடைசி ஊருடையதா என்று பெட்டி பெல்ட்டில் நகரும் முன் பாருங்கள். போன பயணத்தின் டேக்கையும் சின்ன பார்கோடு ஸ்டிக்கர்களையும் கிளம்பும் முன்பே கிழித்துவிட வேண்டும். பெட்டிகளைப் பிரிக்கும் இயந்திரம் பழைய பார்கோடைப் படித்துவிட்டால் பெட்டி வேறு வழியில் போகும்.

கடைசி ஊர் வரை டேக் போட்டிருந்தாலும் நடுவில் எடுக்க வேண்டிய இடங்கள் உண்டு. அமெரிக்காவில் பொதுவாக முதலில் இறங்கும் விமான நிலையத்திலேயே பெட்டியை எடுத்துச் சுங்கம் கடந்து, மறுபடி ஒப்படைக்க வேண்டும். தனித்தனி டிக்கெட் என்றால் பெரும்பாலும் இதே வேலைதான். பெட்டியை எடுக்க அந்த நாட்டுக்குள் நுழைந்தாக வேண்டும், அதற்கு விசா தேவைப்படலாம் என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை.

பாட்டில் 200 மில்லிதான், அதிலும் கால்வாசிதான் இருக்கிறது. ஏன் எடுத்துக்கொண்டார்கள்?

அவர்கள் பார்ப்பது பாட்டிலின் கொள்ளளவை. 100 மில்லிக்கு மேற்பட்ட பாட்டில், உள்ளே ஒரு சொட்டு இருந்தாலும் போகாது. சின்னப் பாட்டில்கள் எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர் கொள்ளும் ஒளி ஊடுருவும் பைக்குள் அடங்க வேண்டும். 2006 ஆகஸ்டில், அட்லாண்டிக் கடக்கும் விமானங்களைத் திரவ வெடிபொருளால் தகர்க்கும் சதி பிரிட்டனில் பிடிபட்ட பிறகு வந்த கட்டுப்பாடு இது. ஜெல், க்ரீம், பேஸ்ட், தேன் போலக் குழைவாக இருக்கும் எல்லாமே திரவக் கணக்கு. இந்த வரம்பு கேபின் பைக்குத்தான். செக்-இன் பெட்டியில் பெரிய பாட்டில் வைக்கலாம். குழந்தை உணவுக்கும் தேவையான மருந்துக்கும் விலக்கு உண்டு, சோதனையில் முன்கூட்டியே எடுத்துக் காட்டிச் சொல்ல வேண்டும்.

புதிய சி.டி. ஸ்கேனர் வைத்திருக்கும் சில விமான நிலையங்கள் இதைத் தளர்த்தியிருக்கின்றன. ஆனால் நடுவில் மாறும் இடத்தில் பழைய விதி இருந்தால் அங்கே பிடுங்கிவிடுவார்கள். ட்யூட்டி ஃப்ரீ கடையில் வாங்கிய பாட்டிலும் அப்படித்தான். சீல் வைத்த பையைக் கடைசி ஊர் போகும்வரை பிரிக்காதீர்கள்.

பவர் பேங்கைப் பெட்டியில் போட்டேன், கூப்பிட்டு எடுக்கச் சொன்னார்கள். 20,000 எம்.ஏ.எச். கொண்டுபோகவே கூடாதா?

கொண்டுபோகலாம், கையில் மட்டும். லித்தியம் பேட்டரி சூடேறித் தீப்பிடித்தால் கேபினில் யாராவது பார்த்து அணைப்பார்கள். சரக்கு அறையில் பார்க்க ஆளில்லை. உதிரி பேட்டரி, இ-சிகரெட் எல்லாவற்றுக்கும் இதே விதி. கழற்ற முடியாத லித்தியம் பேட்டரி வைத்த ஸ்மார்ட் பெட்டிகளைப் பல நிறுவனங்கள் 2018 ஜனவரியிலிருந்தே செக்-இன்னில் வாங்குவதில்லை.

வரம்பு வாட்-ஹவரில், அதாவது பேட்டரி சேமிக்கும் ஆற்றலின் அளவில். எம்.ஏ.எச். எண்ணை 1,000-ஆல் வகுத்து, பேட்டரியின் வோல்ட்டால் பெருக்குங்கள்; பவர் பேங்குகளில் அது பெரும்பாலும் 3.7. அப்படிப் பார்த்தால் 20,000 எம்.ஏ.எச். என்பது 74 வாட்-ஹவர். 100 வரை அனுமதி கேட்க வேண்டாம், 100 முதல் 160 வரை நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும், அதற்கு மேல் பயணி கொண்டுபோக முடியாது. அளவு அழிந்துபோன பவர் பேங்கை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், எவ்வளவு என்று காட்ட வழியில்லாமல் போகும்.

தென் கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் 2025 ஜனவரி 28 அன்று ஏர் பூசான் விமானம் ஒன்று புறப்படும் முன்பே தீப்பிடித்து எரிந்தது. பவர் பேங்க் மீது சந்தேகம் விழுந்ததால், அதன் பிறகு பல நிறுவனங்கள் கெடுபிடியைக் கூட்டின. மேல் அலமாரியில் வைக்கக் கூடாது, பறக்கும்போது அதில் சார்ஜ் போடக் கூடாது, இத்தனைதான் என்று எண்ணிக்கை என நிறுவனத்துக்கு ஒரு கட்டுப்பாடு இருக்கிறது.

இடமில்லை என்று கேட்டில் என் கேபின் பையை வாங்கிக் கீழே அனுப்பிவிட்டார்கள். மறுக்க முடியாதா?

மேலே இடம் தீர்ந்துவிட்டால் மறுப்பது கஷ்டம். ஆனால் கொடுக்கும் முன் பவர் பேங்க், மருந்து, பாஸ்போர்ட், சாவி, நகை, மடிக்கணினி இவற்றை வெளியே எடுத்துக்கொள்ளுங்கள். பவர் பேங்க்கை எடுத்தே ஆக வேண்டும். இவற்றை எல்லாம் பைக்குள்ளேயே ஒரு சிறு துணிப் பையில் ஒன்றாக வைத்திருந்தால் ஒரே இழுப்பில் எடுத்துவிடலாம். பைக்கு டேக் ரசீது வாங்காமல் விடாதீர்கள்.

பெட்டியைப் பூட்டலாமா?

பூட்டலாம். சோதனைக்காகத் திறக்க வேண்டி வந்தால் பூட்டை உடைக்கவும் அதிகாரிகளுக்கு உரிமை உண்டு. அமெரிக்கப் பயணத்துக்கு டி.எஸ்.ஏ. (அந்நாட்டுப் பயணப் பாதுகாப்புத் துறை) முத்திரை உள்ள பூட்டு வாங்கினால் அந்தத் துறையினரிடம் உள்ள சாவியாலேயே திறந்து மூடுவார்கள்.

பெல்ட் நின்றுவிட்டது, என் பெட்டி வரவில்லை. வீட்டுக்குப் போய் மெயில் போட்டால் போதுமா?

போதாது. அங்கேயே பேக்கேஜ் கவுன்டரில் பி.ஐ.ஆர். எனும் புகார்ப் படிவத்தைப் பதிந்து, அதன் எண்ணை வாங்கிக்கொண்டுதான் வெளியே வர வேண்டும். டேக் ரசீதில் உள்ள பத்து இலக்க எண்தான் பெட்டியின் அடையாளம். பல நிறுவனங்கள் மாறி வந்திருந்தால் கடைசியாகக் கூட்டி வந்த நிறுவனத்திடம் புகார் கொடுங்கள்; எங்கே தவறியது என்று அவர்கள் தேடட்டும். பெட்டியின் படம் ஒன்று போனில் இருந்தால் விளக்கம் சொல்வது எளிது.

பெரும்பாலும் அடுத்த விமானங்களில் வந்துவிடும். அதுவரை அவசியத்துக்கு வாங்கிய துணி, பல் துலக்கும் சாமான் இவற்றின் ரசீதுகளை வைத்திருங்கள், கேட்டுப் பெறலாம். 21 நாள் ஆகியும் வரவில்லை என்றால் தொலைந்ததாகக் கருதி இழப்பீடு கேட்கலாம்.

தொலைந்தால் எவ்வளவு தருவார்கள்? உள்ளே நிறைய மதிப்புள்ள பொருள் இருந்ததே.

சர்வதேசப் பயணத்தில் இதைத் தீர்மானிப்பது, விமான நிறுவனங்களின் பொறுப்பை வரையறுக்கும் 1999-ஆம் ஆண்டின் மான்ட்ரியல் ஒப்பந்தம். உச்ச வரம்பு ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். 2024 டிசம்பர் 28 முதல் இந்த அளவு. அதற்கு முன் 1,288. எஸ்.டி.ஆர். என்பது சர்வதேச நாணய நிதியம் ஐந்து நாணயங்களை வைத்துக் கணக்கிடும் அலகு. 1,519 என்பது ஏறத்தாழ 2,000 அமெரிக்க டாலர். இது உச்சம், எல்லோருக்கும் தரும் தொகை என்று எண்ண வேண்டாம். உங்கள் நஷ்டத்தை நீங்கள் காட்ட வேண்டும். எத்தனை பெட்டி என்பது கணக்கில்லை, ஆளுக்குத்தான் வரம்பு.

அதைவிட மதிப்புள்ளது என்றால் செக்-இன் செய்யும்போதே மதிப்பை அறிவித்துக் கூடுதல் கட்டணம் கட்டும் வழி ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஆனாலும் நகை, பணம், ஆவணம் போன்றவற்றைப் பெட்டியில் வைக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். பல நிறுவனங்கள் இவற்றுக்குப் பொறுப்பில்லை என்று விதிமுறையில் எழுதி வைத்திருக்கின்றன. பிறகு நீங்கள்தான் வாதாட வேண்டியிருக்கும். முழுக்க உள்நாட்டுப் பயணம் என்றால் அந்தந்த நாட்டுச் சட்டப்படி, வரம்பு பெரும்பாலும் வேறு. ஒரே சர்வதேச டிக்கெட்டின் உள்நாட்டுப் பகுதிக்கு மான்ட்ரியல் கணக்குதான்.

பெட்டி உடைந்திருந்ததை வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன். இனி கேட்க முடியாதா?

கேட்கலாம். பெட்டியைப் பெற்ற 7 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தாமதமாக வந்த பெட்டிக்கு, கையில் கிடைத்ததிலிருந்து 21 நாள். வழக்குப் போட இரண்டு வருடம். ஆனால் விமான நிலையத்தை விட்டு வெளியேறிய பிறகு, அங்கேதான் உடைந்தது என்று நிரூபிப்பது உங்கள் தலையில் விழும். பெல்ட்டிலிருந்து எடுத்ததும் சக்கரம், கைப்பிடி, ஜிப் மூன்றையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு நகருங்கள். சின்னக் கீறல், தேய்மானத்துக்கு ஒன்றும் கிடைக்காது.

எனக்கு 46 கிலோ இருக்கிறது, பாதிதான் நிரம்பியிருக்கிறது. தெரிந்தவர் ஒரு பார்சல் கொடுக்கிறார், எடுத்துப் போகலாமா?

விமான நிறுவனத்துக்கு ஆட்சேபம் இருக்காது, எடைதான் இருக்கிறதே. தொடக்கத்தில் சொன்ன மற்ற இருவரிடம், பாதுகாப்புத் துறையிடமும் சுங்கத்துறையிடமும்தான் சிக்கல். பெட்டியில் ஒட்டிய டேக் உங்கள் பெயரில். உள்ளே தடை செய்யப்பட்ட மருந்தோ, வரி கட்ட வேண்டிய பொருளோ இருந்தால், எனக்குத் தெரியாது, அவர் கொடுத்தார் என்பதைச் சுங்கத்தில் ஏற்றுக்கொள்வார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. 46 கிலோ அனுமதி என்பதால் 46 கிலோவுக்கும் வரிவிலக்கு என்று ஆகிவிடாது. விதை, செடி, இறைச்சி, பால் பொருட்களுக்குப் பல நாடுகளில் கடும் கட்டுப்பாடு உண்டு, மறைத்தால் அபராதம்.

நெருங்கியவர் என்றால், சீல் போடும் முன் உங்கள் கண்ணெதிரே ஒவ்வொன்றாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். செக்-இன் வரிசையில் நிற்கும்போது, உங்களுக்கு எடை மிச்சமிருக்கிறதே, இந்த ஒரு பையை மட்டும் உங்கள் பேரில் போட்டுக்கொள்ளுங்கள் என்று யாராவது முன்பின் தெரியாதவர் கேட்டால், முடியாது என்று சொல்லிவிடுங்கள். அவர் உண்மையிலேயே கஷ்டத்தில் இருப்பவராகவும் இருக்கலாம். அவருக்கு உதவ அதிக எடைக் கட்டணக் கவுன்டர் இருக்கிறது.